கொல்லிமலைக் கிணறும் முத்திரிக் கிணறும்

பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் அன்னதருமம் என்பது அன்பர்களுக்குப் புதிய செய்தி அன்று. திருஏடு வாசிப்பு நாட்களிலும் திருநாட்களிலும் வந்தவர் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். ஊருக்குள் வெள்ளம் புகுந்தால் இளைஞர்கள் அரிசியும் துணியும் சேர்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். சில தாங்கல்களில் மருத்துவ முகாமும் நடக்கிறது.

இந்தப் பணிகளைச் செய்பவரிடம் வெளியே நிற்கும் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். பசித்தவனுக்குச் சோறு போட மதம் எதற்கு? மனிதநேயம் போதாதா? இது முதற்கேள்வி. சோறு போடுகிற சாக்கில் மதத்தை வளர்ப்பது தருமம் ஆகுமா? இது இரண்டாவது கேள்வி. இரண்டும் நேர்மையான கேள்விகள். கோபப்பட்டு ஒதுக்காமல், பொறுமையோடு விடை காண வேண்டியவை.

இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாக எழுந்து நின்ற இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைதான் அது. அங்கே பணி செய்தவர்கள் அய்யாவழியினர் அல்லர். இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரிகள். ஆயினும் நற்செயல் எங்கு நடந்தாலும் அதை அறிந்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுவது அன்புக்கொடி மக்களுக்கு அழகு. அந்த நோக்கத்தோடு இந்தப் பாடத்தைப் படிப்போமாக.

மலைக்கு வந்தவர்கள்

கொல்லிமலை கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. கேட்டவர்க்குக் கேட்டதற்கு மேல் கொடுத்தவன் என்று தமிழ் அவனைப் போற்றுகிறது. அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும், எட்டுக்கை அம்மனும் அந்த மலையின் அடையாளங்கள். அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். சாமை, தினை, கேழ்வரகு அவர்களுடைய பழைய பயிர்கள்.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, டோலியில் அமர்ந்தோதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே தங்க மாட்டார்கள்.

1907இல் இந்தியாவுக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞர் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். கட்டடத் தொழில் கற்றவர். வெப்பநாட்டு நோய்கள் பற்றி ஓரளவு பயிற்சி பெற்றிருந்தார். 1913இல் எவலின் என்ற பெண்ணை மணந்தார். எவலின் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். படம் வரைவதில் தேர்ந்தவர். இருவரும் வாழவந்தி என்ற ஊரில், ஜெஸ்ஸி கட்டிய மரவீட்டில் குடியேறினார்கள். மறு ஆண்டு அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

நீரில் இருந்த நோய்

அந்நாளில் மலைமக்களை வாட்டிய துன்பங்களுள் ஒன்று நரம்புச்சிலந்தி. குளத்திலும் படிக்கிணற்றிலும் உள்ள நீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சிகள் இருக்கும். அவற்றின் உடலில் நரம்புச்சிலந்தியின் குஞ்சுகள் தங்கியிருக்கும். அந்த நீரைக் குடித்தவரின் உடம்புக்குள் அவை வளர்ந்து, ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து நூல் போன்ற நீண்ட புழுவாகக் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்த கணமே புழு ஆயிரமாயிரம் குஞ்சுகளை அந்த நீரில் விடும். அதே நீரை ஊரார் குடிப்பார்கள். இப்படி ஒருவருடைய வலியே ஊர் முழுவதற்கும் நோயாகிவிடும்.

இந்த நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் வெளியே இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் அதைப் பொறுமையாகச் செய்தார். ஆனால் ஒரு காலிலிருந்து புழுவை எடுத்துவிட்டால் போதுமா? அடுத்த ஆண்டு அதே கிணற்று நீரால் பத்துப் பேர் வருவார்களே! ஆகவே கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் செய்தார். யாரும் காலோடு நீரில் இறங்கக் கூடாது என்றும், குடிநீரைத் துணியில் வடிகட்ட வேண்டும் என்றும் ஊர் ஊராகச் சொன்னார்.

சொல்வது எளிது. தலைமுறை தலைமுறையாகப் படியிறங்கி நீர் மொண்ட மக்கள், வெளியூரான் ஒருவன் சொன்னதற்காக ஏன் மாற வேண்டும்? பணம் கொடுத்தும் மாற்ற முடியாது. அதட்டியும் மாற்ற முடியாது. சொல்பவன் நமக்காகத்தான் சொல்கிறான் என்ற நம்பிக்கை வந்தால் மட்டுமே மாறுவார்கள். அந்த நம்பிக்கை வர ஆண்டுகள் ஆகும்.

மதம் எதற்கு என்ற முதற்கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. கல்சுவர் கட்டும் அறிவு எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அதைக் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். நம் நாட்டில் நரம்புச்சிலந்தி 1996க்குப் பிறகு ஒருவருக்கும் வரவில்லை. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று அளித்தது. அரசு ஊழியர்களும் பொறியாளர்களும் பெயர் தெரியாத எத்தனையோ பேரும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் நன்றி கிடைக்காத இடத்தில், காய்ச்சல் அடிக்கும் ஊரில், ஆண்டுக்கணக்காக ஒருவரை இருக்கச் செய்வது எது? அதற்கு அறிவோடு வேறொன்றும் வேண்டும். சிலருக்கு அது மனச்சாட்சி. சிலருக்கு அது நாட்டுப்பற்று. பக்தி உள்ளவருக்கு அது இறைவன்மேல் உள்ள அன்பு. பக்தி சேவைக்குத் தருவது நிலைத்து நிற்கும் பலம்.

முத்திரிக் கிணறு

கிணற்றைப் பற்றிப் பேசும்போது அன்பர்கள் மனத்தில் சாமித்தோப்பு வராமல் இருக்காது.

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20இல், அதாவது 1833இல், அய்யா வைகுண்டர் அவதரித்த காலத்தில் தென்திருவிதாங்கூரில் நீருக்கும் சாதி இருந்தது. ஒரு சாதியார் மொண்ட கிணற்றை இன்னொரு சாதியார் தொட்டால் தீட்டு. அந்த மண்ணில் பதினெட்டுச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்க ஒரு கிணற்றை அய்யா அமைத்தார். அதுவே முத்திரிக் கிணறு. இன்றும் பதிக்கு வருபவர்கள் அதில் நீராடிய பின்பே உள்ளே செல்கிறார்கள்.

வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் 700 குடும்பத்தார் துவயல் தவசு இருந்த வரலாறும் அன்பர்கள் அறிந்ததே. நாளுக்கு மூன்று வேளை நீராடி, துணியைத் துவைத்து உடுத்தி, ஒரு வேளை உண்டு அவர்கள் தவம் இருந்தார்கள். உடல் தூய்மையும் மனத் தூய்மையும் அங்கே ஒரே தவமாக இருந்தன. அதிகாரம் செய்து சுத்தத்தைப் புகட்ட முயன்றால் மக்கள் சில நாளில் கைவிட்டுவிடுவார்கள். தவமாக ஏற்றுக்கொண்டபோது அது அவர்களுடைய சொந்த வாழ்க்கையாகவே ஆனது.

கொல்லிமலைக் கிணற்றைச் சுற்றி எழுந்த சுவர் நோயைத் தடுத்தது. முத்திரிக் கிணற்றில் இல்லாத சுவர் மனிதர்களைச் சேர்த்தது. ஒரு கிணறு சுவர் எழுப்பிக் காத்தது. மற்றொன்று சுவரை உடைத்துக் காத்தது. சேவை செய்பவர் முதலில் அறிய வேண்டியது இதுதான்: இந்த ஊருக்கு எந்தச் சுவர் வேண்டும், எந்தச் சுவர் போக வேண்டும் என்று பார்ப்பது. அதைப் பார்க்காமல் செய்யும் தருமம் எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்தாலும் பாதி வீணாகும்.

கஞ்சிப் பானை

கொல்லிமலையில் மிஷனரிகளின் மருந்தை மக்கள் வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். தம் தெய்வங்களையும் தம் மக்களையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கும். அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

1918-19இல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அது கொல்லிமலைக்கும் ஏறியது. வீட்டில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் அஞ்சிக் காட்டுக்குள் ஓடினார்கள். படுத்தவர்கள் காய்ச்சலோடு பசியாலும் தாகத்தாலும் செத்தார்கள். ஜெஸ்ஸியும் எவலினும் பெரிய பாத்திரங்களில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகச் சுமந்து, விழுந்து கிடந்தவர்களின் வாயில் ஊற்றினார்கள். அந்தக் காய்ச்சலுக்கு அவர்களிடமும் மருந்து இல்லை. கஞ்சியும் கைத்தொடுதலும்தான் இருந்தன.

எதிர்த்து நின்ற பூசாரியும் ஒரு கட்டத்தில் நோயில் விழுந்தார். நெருங்க யாரும் துணியாதபோது அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த இருவர்தான். அவர் பிழைக்கவில்லை. சாகும் தறுவாயில் தம் பெண் குழந்தையை, தாம் எதிர்த்த அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார்.

விழுந்து கிடப்பவனைக் காத்து நிறுத்துவதே தருமம் என்பது அய்யாவின் போதனை. கிடப்பவன் யார், எந்தச் சாமியைக் கும்பிடுபவன், நேற்று நம்மை என்ன சொன்னான் என்று அங்கே கேள்வி இல்லை. எதிரியாக இருந்தவன் வாயில் ஊற்றிய கஞ்சிதான் தருமத்தின் உரைகல்.

கைம்மாறு கேட்கலாமா?

இப்போது இரண்டாவது கேள்வி. அந்தத் தம்பதியர் மலைக்கு வந்ததன் நோக்கம் மக்களைத் தம் மதத்தில் சேர்ப்பது. இதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைக்கவில்லை. பூசாரியின் இறுதி நாட்களுக்குப் பிறகு மலையில் சிலர் அவர்கள் வழியில் சேரவும் செய்தார்கள். அப்படியானால் அந்தக் கஞ்சி தருமமா, தூண்டிலா?

எதிர்த்தவருக்கும் அதே கஞ்சி கிடைத்தது என்பது அவர்கள் பக்கம் சொல்லத்தக்க உண்மை. சாகப்போகும் மனிதரிடமிருந்து அவர்கள் எதையும் எதிர்பார்த்திருக்க முடியாது. அதே வேளையில், நோயிலும் பசியிலும் கிடக்கும் ஒருவர் தாமாகத் தேர்ந்தெடுக்கும் வலிமையில் இல்லை என்பதும் உண்மை. அந்த நேரத்தில் உதவும் கை, மறுகையில் எதையாவது நீட்டினால், வாங்குபவர் முடியாது என்று சொல்ல இயலாது. நன்றி என்ற கயிறு மிக மெல்லியது. ஆனால் இறுகக் கட்டும்.

இதை மத எதிர்ப்பாளர்கள் மட்டும் சொல்லவில்லை. சமூகப் பணியைக் கல்லூரிப் படிப்பாகக் கற்பிப்பவர்களும் சொல்கிறார்கள். இந்தியாவில் அந்தப் படிப்பு 1936இல் பம்பாயில் தொடங்கியது. அதை அமைத்த கிளிஃபோர்டு மன்ஷார்ட்டே ஒரு அமெரிக்க மிஷனரி. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி எழுந்தது. இத்தகைய கல்லூரிகளில் படிப்பவர்கள் அறியும் பெயர்களுள் ஒன்று ஃபெலிக்ஸ் பீஸ்டெக். அவர் கத்தோலிக்கப் பாதிரியார். துன்பத்தோடு வந்தவரை இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள், அவர்மேல் தீர்ப்புச் சொல்லாதே, அவர் வாழ்வை அவரே முடிவு செய்ய விடு, அவர் சொன்னதை வெளியே சொல்லாதே என்ற நெறிகளை அவர் 1957இல் ஒரு நூலில் வகுத்தார். பாதிரியார் ஒருவரே, உதவி கேட்டு வந்தவரின் மனத்துக்குள் நுழைந்து முடிவெடுக்காதே என்று எழுதியது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அய்யா இதை வேறு வகையில் காட்டினார். தம்மை நாடி வந்தவர்களுக்கு மண்ணும் தண்ணீரும் தந்து நோய் தீர்த்தார் என்பது அன்பர்கள் போற்றும் வரலாறு. அதற்குக் கூலி கேட்கவில்லை. காணிக்கை வாங்கக் கூடாது, கைக்கூலி கேட்கக் கூடாது என்று விலக்கினார். தென்திருவிதாங்கூரில் அந்நாளில் ஒடுக்கப்பட்டவன் தலைநிமிர வேண்டுமானால் பெயரையும் வழிபாட்டையும் மாற்ற வேண்டும் என்ற நிலை இருந்தது. இருக்கும் இடத்திலேயே தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நில் என்றார் அய்யா. தீண்டக் கூடாது என்று விலக்கப்பட்டவனின் நெற்றியைத் தொட்டுத் திருமண் இட்டார்கள். அந்தத் தொடுதலே மருந்து.

காணிக்கை என்பது பணம் மட்டும் அன்று. உதவி பெற்றவர் நாளை முதல் நம் தாங்கலுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் அதுவும் காணிக்கைதான். அவர் நம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் அதுவும் காணிக்கை. அரிசிப் பையை நீட்டும்போது எடுக்கும் புகைப்படமும் காணிக்கையே. அய்யா விலக்கிய ஒன்றைப் புதுப் பெயரில் வாங்கிக்கொள்ளலாமா?

கண்ணாடி இல்லாத வீடு

1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் மலைக்காய்ச்சல் முற்றி, கறுப்பு நீர்க்காய்ச்சலால் 44 வயதில் இறந்தார். மகன் அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவன். எவலின் இந்தியாவிலேயே பணியைத் தொடர்ந்தார். ஏறக்குறைய எழுபதை எட்டியபோது மிஷன் அவரை ஓய்வு பெறச் சொன்னது. மலையில் இன்னும் சில காலம் இருக்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. சொன்னபடி ஓய்வு பெற்றார். பிறகு சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். சிறு குடிலில் தங்கி, மட்டக்குதிரையில் மலை மலையாகச் சென்றார். இடுப்பு எலும்பு முறிந்த பின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். நரம்புச்சிலந்தியை எதிர்த்த வேலையும் தொடர்ந்தது. 1974இல் 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் அருகே அவர் அடக்கம் ஆனார்.

தம் தாய் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். சுருங்கிய தம் முகத்தைப் பார்த்துக் கவலைப்பட அவர் விரும்பவில்லை. அவர் முகத்தை மலைமக்கள் பார்த்தார்கள். அது போதும் என்று இருந்துவிட்டார்.

அய்யாவின் பதியில் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. விளக்குகளுக்குப் பின்னே நிற்கும் அந்தக் கண்ணாடியில் அன்பர் தம்மையே காண்கிறார். உனக்குள்ளே இறைவன் இருக்கிறான் என்பது அதன் பொருள். அந்த மூதாட்டி கண்ணாடியை எடுத்துவிட்டார்; அய்யா கண்ணாடியை வைத்தார். முரண் போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரு திசையையே காட்டுகின்றன. பள்ளியறைக் கண்ணாடிமுன் நின்றவர் தம் அழகைப் பார்ப்பதில்லை. தம்முள் இருப்பவனைப் பார்க்கிறார். வெளியே வந்த பின், வாசலில் பசித்து நிற்பவன் முகத்திலும் அவனையே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், கொடுப்பவன் உயர்ந்தவன், வாங்குபவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்?

தாங்கல்களில் கடைப்பிடிக்கத் தக்கவை

1. கொடுக்கும் முன் கேட்க வேண்டும். மக்களுக்கு என்ன தேவை என்பதை மக்கள்தான் அறிவார்கள். போர்வை வேண்டாத ஊரில் போர்வை கொடுப்பது தருமம் ஆகாது.

2. பந்தியில் பரிமாறுபவரும் உண்பவரும் ஒரே வரிசையில் அமரும் வழக்கம் எந்த ஊரிலும் குலையக் கூடாது.

3. உதவி பெறும் முன் வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. விரும்பி வருபவருக்குக் கதவு திறந்திருக்கட்டும்.

4. நோயாளியின் நம்பிக்கையைப் பழிக்கக் கூடாது. நம்பிக்கையைக் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. நெற்றியில் திருமண் இட்ட கையே மருத்துவமனைக்கும் வழிகாட்ட வேண்டும்.

5. ஒருவர் தம் வீட்டுத் துன்பத்தைச் சொன்னால் அது தாங்கலைத் தாண்டிப் போகக் கூடாது.

6. ஒரு நாள் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது எளிது. அடுத்த மாதமும் போய், அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, அந்தத் தாய் மருந்து சாப்பிடுகிறாளா என்று கேட்பதே பணிவிடை.

வெளியே நின்று கேட்டவருக்கு இப்போது விடை சொல்லலாம். சோறு போட மதம் வேண்டியதில்லை. ஆனால் நாற்பது ஆண்டு விடாமல் சோறு போட, எதிர்த்தவனுக்கும் போட, போட்டதை மறந்துவிட, உள்ளே ஒரு விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கைப் பக்தி ஏற்றி வைக்கிறது. விளக்கு எரிவது பிறர் வழி காண்பதற்கு. விளக்கைப் பார் என்று சொல்வதற்கு அன்று.

முத்திரிக் கிணற்றில் நீர் இறைப்பவரிடம் அந்தக் கிணறு பெயர் கேட்பதில்லை. அன்புக்கொடி மக்களின் தருமமும் அவ்வாறே இருப்பதாக.

அய்யா உண்டு.